‘முடிஞ்சது’ பக்கம் தாவிய கார்டு

“நான் தள்ளலைன்னு எத்தனை தடவை—”

“உன் ஆந்தைதானே தள்ளியிருக்கு? போர்டுலயே போட்டிருக்கே—”

“என் ஆந்தை தள்ளினா நான் தள்ளினேன்னு அர்த்தமா? என் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும்ல?”

“ஊருக்கே தெரியும்! உன் பேரை ரெண்டு தடவை எழுதினா அதான் உன் பாஸ்வேர்டு. உனக்குத்தான் உலகத்துல உன்னைத் தவிர வேற—”

“வாயை மூடு.”

“நீ மூடு! நீ வருஷக்கணக்கா கேப்டன். நான் இந்த வருஷம்தான் வந்தேன், வந்த உடனே ரோபோவை என் கையில குடுத்துட்டாங்க. அது உனக்கு—”

“எனக்கு? சொல்லேன். எனக்கு என்ன?”

“எரியுது!”

அந்த வார்த்தை ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களிலும் மோதித் திரும்பியது. கம்பி வெட்டிக்கொண்டிருந்த பையன் குறட்டைக் கீழே வைத்தான்.

“அண்ணி, உள்ள போலாமா? இல்ல ஃபயர் சர்வீஸுக்கு போன் போடட்டுமா?”

வாசலில் இருந்து வந்தது அந்தக் குரல். கேட்டவன் ஒல்லியான, கலைந்த தலைக்கார இளைஞன். அவனுக்கு முன்னால், கைப்பையைத் தோளில் இறுக்கிப் பிடித்தபடி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நின்றிருந்தார். பூட்டுக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவர். கூட வந்தவன் அவர் கணவரின் தம்பி. அவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களுக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். அவனுக்கு நிறுவனத்தில் என்ன பதவி என்று யாராவது கேட்டால், “கொழுந்தன்” என்பான். அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால், “திட்டு உண்டு” என்பான்.

“கொஞ்சம் சும்மா இரு,” என்றார் அண்ணி.

“பாத்தீங்களா? இன்னிக்குச் சம்பளம் வந்தாச்சு.”

பயிற்சி ஆசிரியர் ஓடிவந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. வணக்கம் சொல்லக் கையைக் கூப்பியதும் அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு, யாரையோ குற்றம் சாட்டுவது போல் நின்றது.

“மேடம், நல்லவேளை வந்தீங்க. இதுங்க ரெண்டும் அக்கா தங்கச்சி. பெரியவ கேப்டன். சின்னவ ரோபோ ஓட்டறவ. நேத்துக் காலையில சோதனை ஓட்டம். ரோபோ பெட்டியைத் தூக்கிச்சு. தூக்கின கை அப்படியே கழண்டு என் விரல் மேல விழுந்துச்சு.”

“ஏன் கழண்டுது?”

“மூட்டுத் திருகுக்குப் பசை வைக்கல. மோட்டார் ஓடினா திருகு கொஞ்சங் கொஞ்சமா தளரும். அதுக்குன்னே ஒரு பசை இருக்கு. வெச்சா ஆயுசுக்கும் அசையாது. ஆனா வெச்சாச்சுன்னு போர்டு சொல்லுது.”

அவர் கட்டுப் போட்ட விரலாலேயே சுவரைக் காட்டினார். சுவரில் ஒரு பெரிய தொலைக்காட்சி. அதில் வண்ண வண்ணக் கட்டங்கள். ‘செய்யணும்’, ‘நடக்குது’, ‘பாக்கணும்’, ‘முடிஞ்சது’ என்று நான்கு பத்திகள். பத்திகளுக்குள் சின்னச் சின்னக் கார்டுகள். ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் ஒரு மிருகத்தின் முகம்.

“இது என்ன, மிருகக்காட்சி சாலை டிக்கெட்டா?” என்றான் கொழுந்தன்.

“வேலையைப் பிரிச்சுக்கற சாஃப்ட்வேர் சார்,” என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று கேப்டன் குரலுக்கு மாறினாள். “ஒரு வேலைக்கு ஒரு கார்டு. யார் செய்யணுமோ அவங்க முகம் அதுல இருக்கும். நான் ஆந்தை. அவ அணில். அதோ அங்க உக்காந்திருக்கானே, அவன் தவளை. செஞ்சு முடிச்சவங்க ‘பாக்கணும்’ வரைக்கும் தள்ளலாம். ‘முடிஞ்சது’க்குத் தங்களோட கார்டைத் தாங்களே தள்ளக்கூடாது. வேற ஒருத்தர் வந்து பொருளை நேர்ல பாத்து, படம் எடுத்து கார்டுல போட்டுட்டு, அவங்கதான் தள்ளணும். நான் போட்ட ரூல்.”

“எல்லாமே இவ போட்ட ரூல்தான்,” என்றாள் தங்கை. “தும்மறதுக்குக் கூட ஒரு கார்டு இருக்கு.”

“பசைக் கார்டுல யார் முகம்?” என்று கேட்டார் அண்ணி.

“அணில்,” என்றாள் அக்கா.

“தள்ளினது?”

“ஆந்தை,” என்றாள் தங்கை. “அது ‘செய்யணும்’லதான் இருந்துச்சு மேடம். சோதனைக்கு முந்தின நாள் பாத்தா ‘முடிஞ்சது’ல இருக்கு. கேப்டன் கணக்குலேர்ந்து தள்ளியிருக்கு. சரி, மகாராணி தானே பசை வெச்சிட்டாங்க போலன்னு நான் விட்டுட்டேன். என் ரோபோ கை விழணும், எல்லார் முன்னாடியும் நான் அசிங்கப்படணும், அதுக்குத்தான் பண்ணியிருக்கா.”

“என் கணக்குல பூந்து இவளே தள்ளிட்டு என்னை மாட்டிவிடறா மேடம். நான் கேப்டனா இருக்கறது இவளுக்குக் கண்ணை உறுத்துது. சின்ன வயசுலேர்ந்தே நான் எதை எடுத்தாலும் இவளுக்கு அதே வேணும்.”

“நீ எடுத்தது எல்லாம் எனக்குப் பழசாத்தானே வரும்? சைக்கிள் பழசு. பை பழசு. ரோபோ ஒண்ணுதான் புதுசா என் கைக்கு வந்துச்சு. அதையும்—”

“போதும்,” என்றார் ஆசிரியர். அண்ணியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குக் காலையில போட்டிக்குப் பஸ் கிளம்புது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள யார் தள்ளினாங்கன்னு தெரிஞ்சா, அவ மட்டும் வரமாட்டா. தெரியலேன்னா ரெண்டு பேரும் வரமாட்டாங்க. பொய் சொல்ற ஒருத்தியை என்னால கூட்டிட்டுப் போக முடியாது மேடம். எது பொய்ன்னுதான் எனக்குப் புரியல.”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் முகம் வெளுத்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

“எந்த மெஷின்லேர்ந்து தள்ளினாங்கன்னு கம்ப்யூட்டர் ஆளுங்க கண்டுபிடிச்சிடுவாங்களே?” என்றான் கொழுந்தன்.

“கேட்டேன். எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் சொல்றோம்னாங்க.”

“அடுத்த வாரம் கோப்பை வேற யார் வீட்டு அலமாரியிலயாவது இருக்கும்.”

“அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.” ஆசிரியர் பெருமூச்சு விட்டார். “முன்னாடியெல்லாம் இந்த லேப்ல எது எங்க இருக்கு, அடுத்து என்ன வேலை, எல்லாம் என் மண்டையிலதான் இருக்கும் மேடம். ‘சார் அடுத்து என்ன, சார் அடுத்து என்ன’ன்னு என் பின்னாடியே வருவாங்க. இப்ப யாரும் என்னைக் கேக்கறதில்ல. எல்லாரும் அந்த டிவியைப் பாத்துட்டுப் போயிடறாங்க.”

அவர் நகர்ந்ததும் கொழுந்தன் அண்ணியின் காதில் சொன்னான்: “இவரையும் சேத்துக்குங்க. டிவி மேல பொறாமைப்பட்ட முதல் மனுஷன்.”

“சேத்தாச்சு.”

“அப்ப நான் கண்டுபிடிச்சது பத்தாதா? ஒரு ‘சபாஷ்’ கூட இல்லையா? போன கேஸ்ல அந்தப் பூட்டுக்கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னதுக்கு மூணு தடவை சபாஷ் சொன்னீங்க.”

“இந்த லேப்ல காத்தே சரியில்லை,” என்றார் அண்ணி. “உள்ள வந்தவங்க எல்லாருக்கும் ஒட்டிக்குது.”

அவர் நேராகத் தவளையிடம் போனார். மேசைக்கடியில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பையன், தேடி வருவார்கள் என்று எதிர்பார்த்தவனாக, முதலிலேயே கையைத் தூக்கிவிட்டான்.

“ஆன்ட்டி, நானே சொல்லிடறேன். அணில் ஓட்டலைன்னா நான்தான் ஓட்டணும். நான்தான் மாற்று ஆளு. எனக்கு அவ மேல பொறாமையான்னு கேட்டீங்கன்னா, ஆமா. பயங்கரப் பொறாமை. ராத்திரி சாப்பிடும்போது கூட அவ ரிமோட் பிடிக்கற மாதிரி கரண்டியைப் பிடிச்சுப் பாப்பேன்.”

“பொறாமைப்பட்டா கார்டைத் தள்ளத் தோணுமே?”

“தோணும். ஆனா நான் தள்ளியிருந்தா படம் இல்லாமலா தள்ளுவேன்?” பையன் உண்மையிலேயே அவமானப்பட்டுப் போனான். “அந்தக் கார்டைப் பாருங்க. ஓரம் ஆரஞ்சு கலர்ல இருக்கு. படம் போடாத கார்டு அப்படித்தான் மாறும். எங்க டீம்ல ஆரஞ்சு வந்தா செத்தோம். ஒரு வாரம் கிண்டல் பண்ணியே ஓட்டுவாங்க. நான் திருட்டுத்தனம் பண்ணா போன வருஷ ரோபோ திருகைப் படம் எடுத்தாவது போட்டிருப்பேன். திருடனுக்கும் ஒரு மரியாதை இருக்கு ஆன்ட்டி.”

“ஆரஞ்சை யாரும் கவனிக்கலையா?”

“நான் பாத்தேன். சோதனைக்கு எல்லாரும் ஓடிட்டிருந்தாங்க. கிண்டல் பண்ண நேரமில்ல. அப்புறம் கை விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் சார் போர்டையே யாரும் தொடக்கூடாதுன்னுட்டாரு.”

அண்ணி நிமிர்ந்தார். தொலைக்காட்சியின் அருகில் போகாமல், எதிர்ச் சுவர்வரை பின்வாங்கி, ஓவியம் பார்க்கிறவர் போல் தலையைச் சாய்த்து நின்றார். ‘முடிஞ்சது’ பத்தியில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு அடுக்கு. தவளையின் அடுக்கு குட்டை. ஆந்தையின் அடுக்கும் அணிலின் அடுக்கும் பக்கத்துப் பக்கத்தில் உயரமாகத் தொங்கின.

“தம்பி, நீங்க கார்டைத் தள்ளினா அடுக்குல எங்க போய் விழும்?”

“மேல ஆன்ட்டி. பிடிச்சு இழுத்து அந்தப் பக்கம் வீசுவோம். தானா உச்சியில போய் உக்காந்துக்கும்.”

“இந்தக் கார்டு?”

பையன் வாயைப் பிளந்தான். பசைக் கார்டு அணிலின் அடுக்கில் ஆகக் கீழே, கடைசியில் இருந்தது.

“கீழ வைக்கணும்னா மெதுவா பிடிச்சு, அத்தனை கார்டையும் தாண்டி, அடி வரைக்கும் கொண்டு போகணும். அதை எவன் செய்வான்?”

“அடுக்கறவங்க செய்வாங்க,” என்றார் அண்ணி. பிறகு கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். “உனக்கு என்ன தெரியுது?”

“ரெண்டு அடுக்கும் அடியில ஒரே மட்டத்துல நிக்குது. நல்ல சலூன்ல முடி வெட்டின மாதிரி.”

“சபாஷ்.”

கொழுந்தனுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. எதற்கு சபாஷ் என்றும் தெரியவில்லை.

“கேப்டன்,” என்றார் அண்ணி, “இந்த போர்டை லேபைத் தவிர வேற எங்க பாப்பீங்க?”

“வீட்டுல ஹால் கம்ப்யூட்டர்ல.”

“வேலை முடிஞ்சதும் கணக்கை மூடிட்டுத்தானே வருவீங்க?”

அக்கா பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தாள். தங்கை அந்த நொடியைக் கொத்திக்கொண்டாள்.

“மூடமாட்டா மேடம். வேணும்னே தொறந்து வெச்சிட்டுத் தூங்கப் போவா. அவ அடுக்கு என்னோடதை விடப் பெருசுன்னு நான் பாக்கணுமாம்.”

“வண்டியை எடு,” என்றார் அண்ணி. “இவங்க வீட்டுக்குப் போறோம்.”

காரில் முன் சீட்டு யாருக்கு என்று சண்டை வந்தது. பெரியவளுக்கென்றால் சின்னவள் நடந்தே வருவாளாம். சின்னவளுக்கென்றால் பெரியவள் வரவே மாட்டாளாம். கடைசியில் முன் சீட்டில் அண்ணி உட்கார்ந்தார். பின்னால் இரண்டு பேரும் இரண்டு ஜன்னலோரம். நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம்.

“உங்க வீட்டுல அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?” என்று கேட்டார் அண்ணி.

“ரோபோ உடைஞ்சுதுன்னு மட்டும் தெரியும்,” என்றாள் அக்கா.

“கார்டு விஷயம்?”

“சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா இவ பக்கம் பேசுவாங்க,” என்றார்கள் இரண்டு பேரும். ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே, ஒரே மூச்சில்.

கொழுந்தன் கண்ணாடியில் பார்த்தான். “சொல்லி வெச்சிட்டா வர்றீங்க ரெண்டு பேரும்?”

“வாயை மூடிட்டு ஓட்டு,” என்றார் அண்ணி.

“ரெண்டாவது மாசச் சம்பளம்.”

வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்த அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டு இன்னும் மேலே இருந்தது. மகள்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் ஆளுக்கொரு செருப்பலமாரியில் செருப்பை விட்டதும் அப்படியே வாடியது.

“ரெண்டு நாளா வீட்டுல ஒரு பேச்சுக் கிடையாது,” என்றார் அண்ணியிடம். “ரெண்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டுத் திரியுதுங்க. நீங்க போட்டி விஷயமா வந்திருக்கீங்களா? உக்காருங்க, காபி போடறேன்.”

அவர் சமையலறைக்குள் போனதும் கொழுந்தன் மகள்களின் அறைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரே மாதிரி இரண்டு மேசை. ஒரே மாதிரி இரண்டு விளக்கு. நடுவே தரையில் கறுப்பு டேப் ஒட்டி அறையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். டேப் சுவரில் ஏறி, கண்ணாடியின் நடுவே போய், கூரையில் மின்விசிறியைத் தொட்டு நின்றது.

“அண்ணி, சர்வதேச எல்லை. ஃபேன் மட்டும் பொது நிலம் போலிருக்கு.”

“டேப்பை யாரும்மா ஒட்டினது?”

“அம்மாதான்,” என்றாள் தங்கை. “அளவு டேப் வெச்சு அளந்து ஒட்டினாங்க. ஆனாலும் இவ பக்கம் ஜன்னல் இருக்கு.”

“உன் பக்கம் அலமாரி இருக்கு,” என்றாள் அக்கா.

ஹாலின் மூலையில் கணினி இருந்தது. அதன் மேல் ஒரு தூசியும் இல்லை. அண்ணி திரையை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மா தட்டோடு வந்தார். இரண்டு காலிக் கப், ஒரு கூஜா நிறையக் காபி, இரண்டு சின்னத் தட்டுகளில் பிஸ்கட், ஒரு பிரித்த பாக்கெட். காபியை இரண்டு கப்பிலும் ஊற்றினார். ஊற்றிவிட்டு முழங்காலை மடக்கி, கண்ணைக் கப்பின் விளிம்புக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கப்பில் இன்னும் ஒரு கரண்டி விட்டார். மறுபடி குனிந்து பார்த்தார்.

“எனக்குக் கொஞ்சம் கூட வந்தாலும் அண்ணி கோவிச்சுக்க மாட்டாங்கம்மா,” என்றான் கொழுந்தன். “கம்மியா வந்தா நான்தான் கோவிச்சுக்குவேன்.”

அம்மா சிரித்தார். “பழக்கம்பா. கடையில மருந்து அளந்து வந்த பழக்கம்னு எல்லாரும் நெனைப்பாங்க. இல்ல. இதுங்க ரெண்டும் வளந்ததுல வந்த பழக்கம்.”

“சின்ன வயசுலேர்ந்தே சண்டையா?” என்று கேட்டார் அண்ணி. கேட்டுக்கொண்டே, தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொழுந்தனின் தட்டில் வைத்தார். கொழுந்தன் நன்றியோடு அதைக் கடிக்கப் போனான். மேசைக்கு அடியில் அண்ணியின் கால் அவன் காலை மிதித்தது. அவன் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“சண்டைன்னா சாதாரண சண்டையா?” அம்மா பேசிக்கொண்டே போனார். “பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தா சின்னவ தனக்கும் தெர்மாமீட்டர் வைக்கச் சொல்லுவா. சின்னவளுக்குப் பல்லு விழுந்தா பெரியவ தன் பல்லை ஆட்டிப் பாத்துட்டே உக்காந்திருப்பா. ஒருத்தி தலையைத் தடவினா அதே கையால இன்னொருத்தி தலையையும் தடவணும். எண்ணிட்டிருப்பாங்க. நான் ராத்திரி படுக்கும்போது யோசிப்பேன், இன்னிக்கு யாருக்காவது ஒண்ணு குறைஞ்சுதான்னு...”

பேசும்போதே அவருடைய கை பாக்கெட்டுக்குப் போனது. இரண்டு பிஸ்கட்டை உருவியது. அண்ணியின் தட்டில் வைத்தது. தட்டுகள் இரண்டும் சமமாயின. கை மடிக்குத் திரும்பியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கொழுந்தன் பார்த்தான். இந்த முறை அவனுக்கு நகைச்சுவை எதுவும் வரவில்லை.

“அம்மா,” என்றார் அண்ணி மெதுவாக, “இந்த ரெண்டு பிஸ்கட்டை ஏன் வெச்சீங்க?”

“எந்த பிஸ்கட்?”

“இப்போ நீங்க என் தட்டுல வெச்சது.”

அம்மா தட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார். “வெச்சேனா? கம்மியா இருந்திருக்கும்.”

“அதே மாதிரி, அந்தக் கம்ப்யூட்டர்ல அணிலுக்கு ஒண்ணு கம்மியா இருந்துச்சா?”

மகள்கள் இருவரும் அவரவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்கள்.

“ஆமா,” என்றார் அம்மா. “நான் தூசி தட்டும்போது தொறந்து கெடந்துச்சு. ஆந்தைக்கு ஒண்ணு அதிகம், அணிலுக்கு ஒண்ணு கம்மி. இந்தச் சின்னது அதைப் பாத்துட்டு முந்தின நாள் சாப்பிடாம படுத்துட்டா. சரி, இந்தப் பக்கம் அணில் படம் போட்டு ஒரு சீட்டு சும்மாதானே இருக்குன்னு, அதைப் பிடிச்சு நகத்தி அடியில வெச்சேன். நேரா வர வரைக்கும் ரெண்டு மூணு தடவை வெச்சுப் பாத்தேன். ரெண்டும் சரிசமமா வந்துச்சு. அதுக்கென்ன இப்போ?”

“அம்மா!” தங்கை எழுந்துவிட்டாள். “அது மார்க்கு இல்லம்மா! அது வேலைம்மா! அந்தத் திருகுக்குப் பசை வைக்கணும்னு இருந்த சீட்டு! நீ தள்ளினதால நான் வைக்கல. அதனாலதான் கை விழுந்துச்சு. சார் விரல்—”

அம்மாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. “அந்த விரலா? ஐயோ. கட்டுப் போட மருந்து கூட நம்ம கடையிலதானே வாங்கிட்டுப் போனாரு! நானே எடுத்துக் குடுத்தேனே!”

“எப்படி அண்ணி?” என்றான் கொழுந்தன். அவனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“கெடுக்கணும்னு நெனைக்கறவங்க எந்தக் கார்டைத் தள்ளினா எவ்வளவு நஷ்டம்னு யோசிப்பாங்க. இதுல அந்த யோசனையே இல்லை. படம் போடணும்னு தெரியல. அப்போ டீம் ஆளு இல்லை. வீசாம, அடியில மெதுவா வெச்சிருக்கு. அப்போ அடுக்கி வைக்கற கை. தள்ளின அப்புறம் அக்காவுக்கும் ஜெயம் இல்லை, தங்கைக்கும் ஜெயம் இல்லை, ரெண்டு அடுக்கும் ஒரே மட்டம். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல யாரும் ஜெயிக்கக்கூடாதுன்னு நெனைக்கற ஒரே ஆளு யாரு?”

“அப்ப பிஸ்கட்?”

“அது உறுதி பண்ணிக்க. அந்த ஒண்ணை இப்போ நீ சாப்பிடலாம்.”

அண்ணி கைபேசியை எடுத்து ஆசிரியருக்குப் பேசினார். இரண்டு பெண்களும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் பஸ்ஸில் வருவார்கள், ராத்திரிக்குள் திருகுக்குப் பசை வைத்துப் படமும் அனுப்புவார்கள் என்று சொன்னார். யார் தள்ளியது என்று அந்தப் பக்கம் கேட்டது. “ஆந்தையும் இல்லை, அணிலும் இல்லை சார். இதுங்களைப் பெத்த ஜீவன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். “நாளைக்கு நான் ஓட்டலாமா? நிஜமா ஓட்டலாமா?” ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். “எல்லாம் உன்னாலதான். நீ தொறந்து வெச்சதாலதான் இத்தனையும்.”

“நான் மட்டுமா?” அக்கா எழுந்திருக்கவில்லை. “போன மாசம் முழுக்க உன் கணக்கைத் தொறந்து வெச்சதும் நான் பாக்கணும்னுதானே?”

“பாத்தியா, ஒத்துக்கறா!”

“போதும்டி ரெண்டு பேரும்.” அம்மா சின்னவளின் முதுகைத் தடவினார். தடவிவிட்டு, அதே கையைப் பெரியவளின் பக்கம் நீட்டினார். “சத்தியமாச் சொல்றேன், எனக்கு நீ வேற அவ வேற இல்ல. ஒருத்திக்கு ஒண்ணு குறைஞ்சா இந்தக் கை தாங்காது. தானா போயிடும்.”

பெரியவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொழுந்தன் கதவுவரை போய்விட்டான். பின்னாலிருந்து, சண்டைக் குரலும் இல்லாமல் கேப்டன் குரலும் இல்லாமல், சின்னதாக ஒரு குரல் கேட்டது.

“போன மாசம் எனக்குத்தான்மா கம்மியா இருந்துச்சு. தினமும் தூசி தட்டினியே, அப்போ ஏன் எனக்கு ஒண்ணு நகத்தல?”